முறை வைத்து நிரப்பிய ரயில்

ஒரு ஊரில் ரயில் நிற்க வேண்டுமென்றால் அந்த ஊர் எத்தனை பேரைக் காட்ட வேண்டும்? குறைவாகக் காட்டினால் நிற்காது. அதிகமாகக் காட்டினாலும் நாம் கேட்ட இடத்தில் நிற்காது. அப்படியானால் சரியான தொகை எது? இந்தக் கேள்வியைப் பல வாரங்களாக மனதில் வைத்துக்கொண்டு சமைக்கிறேன், துணி துவைக்கிறேன், பிள்ளைக்குத் தலை வாரி விடுகிறேன். விடை இன்னும் கிடைக்கவில்லை.

எங்கள் வீடுகள் வாவிப் பக்கம் இருக்கின்றன. பள்ளிக்கூடம், கடைகள், பஸ் ஓடும் பெரிய வீதி எல்லாம் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம். நடுவில் தண்டவாளத்தைக் கடக்க ஒரு கடவை. அதற்கு மூடித் திறக்கும் படலையும் இல்லை, காவலாளியும் இல்லை. ஒரு மஞ்சள் பலகை மட்டும் நிற்கிறது. அதிலுள்ள எழுத்துகளில் பாதியை வெயில் தின்றுவிட்டது. கடவைக்குத் தெற்கே தண்டவாளம் ஏறாவூர்ப் பக்கம் நேராகப் போகிறது. வடக்கே ஒரு மதகு, மதகுக்கு அப்பால் ஒரு வளைவு. வளைவின் உட்புறம் முழுவதும் பற்றை. வடக்கிலிருந்து வரும் ரயில் மதகுக்குக் கிட்ட வந்த பிறகுதான் கண்ணுக்குத் தெரியும். இவ்வளவு காலமும் அது யாருக்கும் பெரிய பயமாக இருக்கவில்லை. ஓடும் ரயில்கள் கொஞ்சம். அவை வரும் நேரம் ஊரில் சிறுபிள்ளைக்கும் தெரியும். பள்ளிக்கூடம் தொடங்கும் நேரத்தில் ரயில் எதுவும் இல்லை.

இந்த வருடம் என் மகள் முதலாம் வகுப்புக்குப் போகத் தொடங்கினாள். அதே மாரிக்காலத்தில்தான் புதிய ரயில் பஸ் பற்றிய பேச்சும் வந்தது. பஸ்ஸைப் போன்ற இருக்கைகளோடு இரண்டு பெட்டி. காலையில் வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்கு ஒன்று, பின்னேரம் திரும்பி ஒன்று. காலையில் அது எங்கள் கடவையைத் தாண்டும் நேரம், வெள்ளைச் சட்டை போட்ட பிள்ளைகள் எல்லாம் கடவையில் நிற்கும் நேரம்.

திட்டமிடல் அலுவலர் ஒருவர் எங்கள் மாதர் சங்கத்தின் கூட்டத்துக்கு வந்தார். மட்டக்களப்பு நகரத்தை, எங்கள் பேச்சில் ரவுணைச் சேர்ந்தவர். மழையில் நனைந்த குடையை எங்கே வைப்பதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் கையிலேயே பிடித்துக்கொண்டிருந்தார். நல்ல மனிதர். அவரைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. நான் சங்கத்தின் செயலாளர். வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் படித்துப் பட்டம் எடுத்தவள் என்பதால் எழுத்து வேலைகள் என்னிடம் வந்துவிடும். வேலை கிடைக்கும்வரை இதையாவது ஒழுங்காகச் செய்வோம் என்று நானும் ஏற்றுக்கொண்டேன்.

"சேவை வாறது வாறதுதான்," என்றார் அவர். "அதில மாற்றம் இல்ல. இஞ்ச நிக்கிறதா இல்லையா எண்டதுதான் இன்னும் முடிவாகல்ல. ஒரு கிழமை சோதனைக்கு ஓடும். அந்தக் கிழமை உங்கட கடவையடியில நிப்பாட்டுவம். ஏறுற ஆக்கள எண்ணுவம். ஆக்கள் இரிந்தா தரிப்பிடம் வரும். இல்லாட்டி நேர போகும்."

"நேர போகும் எண்டா என்ன சேர்?" என்று கேட்டேன்.

"நிக்காமப் போகும், தங்கச்சி. வேகத்தக் குறைக்கத் தேவையில்லத்தானே."

கடவைக்கு ஒரு படலை போட முடியாதா என்று கேட்டேன். கடவையைப் பார்ப்பது வேறு பகுதி, தரிப்பிடத்தைப் பார்ப்பது வேறு பகுதி, இரண்டுக்கும் வேறு வேறு காசு என்றார். கேட்டு எழுதலாம், எப்போது வரும் என்று சொல்ல முடியாது என்றார். உள்ளதைச் சொன்னார்.

அந்த நேரத்திலேயே எனக்கு ஒன்று தெளிவாகிவிட்டது. கடவையடியில் தரிப்பிடம் வந்தால் ரயில் வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்தாக வேண்டும். வராவிட்டால் வளைவைச் சுற்றிக்கொண்டு முழு வேகத்தில் பிள்ளைகளுக்கு முன்னால் வந்து இறங்கும். எனக்கு அந்த ரயிலில் ஏறிப் போக வேண்டிய இடம் எதுவும் இல்லை. அது எங்கள் கடவையில் நிற்க வேண்டும், அவ்வளவுதான் வேண்டும்.

சங்கத்தின் தலைவி என் மச்சாள், அதாவது என் கணவரின் அக்கா. அவருக்கு அந்த ரயிலில் போக வேண்டியிருந்தது. அவருடைய கணவர் வாவியில் பிடிக்கும் இறாலை அவர் கூடையில் வைத்து ரவுண் சந்தைக்குக் கொண்டு போவார். பஸ்ஸில் கூடையை ஏற்றவிடமாட்டார்கள். ஏற்றினாலும் தண்ணி சொட்டுகிறது, மணக்கிறது என்று நடுவழியில் இறக்கிவிடுவார்கள். ஓட்டோவில் போனால் இறால் விற்றது ஓட்டோவுக்கே சரி. அதனால் பெரும்பாலான நாட்களில் வாசலுக்கு வரும் வியாபாரியிடம் அவர் சொல்லும் விலைக்குக் கொடுத்துவிடுவார்.

"கோச்சி வந்தா கூடைக்கும் ஒரு சீற்று எடுப்பன்," என்று அன்றைக்கு ரயிலைப் பற்றி மச்சாள் சொன்னார். "ஜன்னலோரத்தில வெப்பன். இறாலும் ஒருக்கா ஊரப் பாக்கட்டும்."

எல்லோரும் சிரித்தோம். அலுவலரும் சிரித்தார்.

அவர் போன பிறகுதான் விஷயம் தொடங்கியது. ஏறுகிறவர்களை எண்ணுவார்கள் என்றால் ஏற ஆட்கள் வேண்டும். உண்மையில் நாள்தோறும் போகிறவர்கள் யார் என்று பார்த்தால் மச்சாள், ரவுணில் கடைகளில் நிற்கும் சில பெண்பிள்ளைகள், வந்தாறுமூலைக் கம்பஸில் கூலி வேலை செய்யும் இரண்டு மூன்று பேர், கிளினிக் நாளென்றால் இன்னும் சிலர். அதற்கு மேல் இல்லை. இது போதுமா, போதாதா என்று யாருக்கும் தெரியவில்லை. போதாது என்று எல்லோரும் முடிவு செய்தார்கள்.

"கோயில்ல எப்படிச் செய்யிறம்?" என்றார் மச்சாள். "அதே மாதிரிச் செய்வம். குடிக்கு ஒரு நாள்."

எங்கள் பக்கத்தில் குடி என்பது தாய்வழியாக வரும் குலம். நான் என் அம்மாவின் குடி, என் மகள் என் குடி, என் கணவரும் மச்சாளும் அவர்களுடைய அம்மாவின் குடி. கோயில் சடங்கில் ஒவ்வொரு நாளும் ஒரு குடிக்கு உரியது. அந்த நாளின் பூசை, பூ, பந்தல், அன்னதானம் எல்லாம் அவர்கள் பொறுப்பு. கிணறு இறைப்பதென்றாலும், வெள்ளத்தில் மண் மூட்டை போடுவதென்றாலும், பத்துப் பேர் சேர்ந்து ஒரு வேலை செய்ய வேண்டி வந்தால் எங்களுக்குத் தெரிந்த வழி அதுதான். ஊரில் ஐந்து குடி. சோதனை ஓட்டமும் திங்கள் முதல் வெள்ளி வரை ஐந்து நாள். இவ்வளவு பொருத்தமாக அமைந்ததை நல்ல சகுனம் என்று சொன்னவர்களும் உண்டு.

எனக்கு அப்போதே உள்ளே ஏதோ இடித்தது. ஆனால் ரயிலை நிறுத்த என்னிடம் வேறு வழியும் இருக்கவில்லை. கூட்டத்தில் கை உயர்த்தச் சொன்னபோது நானும் உயர்த்தினேன்.

திங்கட்கிழமை அளவாகத்தான் இருந்தது. ரயில் பஸ் வந்து கடவையைத் தொட்டாற்போல் நின்றது. ஏணி வைத்து ஏற்றினார்கள். அலுவலர் கையில் எண்ணும் கருவியோடு கதவருகில் நின்றார். அன்றைக்கு எண்ணியதோடு விட்டிருந்தால் என்ற எண்ணம் எனக்கு இப்போதும் வருகிறது. செவ்வாய் மச்சாளுடைய குடியின் நாள். அவர்கள் திங்கட்கிழமைக் கூட்டத்தைப் பார்த்திருந்தார்கள். அதைவிடக் குறையக் கூடாது என்று கிரான் ஊரில் கட்டிக் கொடுத்த பெண்களைக்கூட வரச் சொல்லியிருந்தார்கள். மச்சாள் கூடையோடு முதலில் ஏறி ஜன்னலோரத்தில் உட்கார்ந்து கையசைத்தார். புதன் எங்கள் குடி. நானும் மகளைக் கடவைக்கு அந்தப் பக்கம் மற்றப் பிள்ளைகளோடு விட்டுவிட்டு ஓடிவந்து ஏறினேன். ஏறாவூரில் இறங்கி, வேறு வேலை இல்லாததால் ஒரு தேயிலை வடிகட்டி வாங்கிக்கொண்டு பஸ்ஸில் திரும்பி வந்தேன். என்னோடு இறங்கிய பெண்களில் பலரும் அதே பஸ்ஸில்தான் வந்தார்கள்.

வியாழக்கிழமை ஏறிய ஒரு மாமியிடம் பக்கத்திலிருந்தவர் கேட்டது, ஜன்னலுக்குக் கீழே நின்ற என் காதில் இன்னும் இருக்கிறது.

"எங்க கா போறியள்?"

"தெரியாது கா. ஏறச் சொன்னாங்க, ஏறினன். எங்க நிப்பாட்டுறானோ அங்க இறங்குவம்."

வெள்ளிக்கிழமை வண்ணக்கருடைய குடி. வண்ணக்கர் எங்கள் கோயிலை நடத்துகிறவர். கடைசி நாள் அவர்களுடையது என்பதால் விட்டுக்கொடுக்க மாட்டார்கள் என்று தெரியும். ஆனால் இந்த அளவுக்கு எதிர்பார்க்கவில்லை. கடவையடியில் குத்துவிளக்கு வைத்தார்கள். பெண்கள் பட்டுச்சேலை கட்டி வந்தார்கள். வண்ணக்கர் வட்டாத் தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து ஏந்திக்கொண்டு நின்றார். ரயில் பஸ் மதகடியில் தெரிந்ததும் பெண்கள் குரவைச் சத்தம் போட்டார்கள். ரயில் ஓட்டி வந்தவருக்குத் தமிழ் அவ்வளவாகத் தெரியாது. இறங்கி வந்து, இரண்டு கையாலும் வெற்றிலையை வாங்கி, என்ன செய்வதென்று தெரியாமல் நெஞ்சோடு வைத்துக்கொண்டார். அலுவலர் எண்ணுவதை மறந்து போனில் படம் பிடித்தார். எல்லோரும் ஏற முடியாமல் சிலர் மிதிபலகையில் நின்றார்கள்.

அந்த ஐந்து நாளும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் கடவையில் கூட்டமாக நின்று பார்த்தார்கள். ரயில் வரும், அவர்களுக்கு முன்னால் நிற்கும், ஓட்டுபவர் கையைக் காட்டிப் போகச் சொல்வார், பிள்ளைகள் ரயிலின் முகத்துக்கு முன்னால் சிரித்துக்கொண்டு கடப்பார்கள். என் மகள் ஓட்டுபவருக்கு ஒவ்வொரு நாளும் டாட்டா காட்டினாள். இப்படித்தான் இனி இருக்கும் என்று நினைத்தேன்.

இரண்டு வாரம் கழித்து அலுவலர் திரும்ப வந்தார். எங்கள் வீட்டு வாசலிலேயே, "நல்ல செய்தி," என்றார். தரிப்பிடம் வருகிறது. ஆனால் இவ்வளவு சனத்துக்குக் கடவையடியில் இடம் போதாது. மேடை நீளமாக வேண்டும், கொட்டில் வேண்டும், மலசலகூடம் வேண்டும். வளைவுக்கும் மதகுக்கும் கிட்ட நீள மேடை கட்ட முடியாது. அதனால் வளைவுக்கு அப்பால் வயல்வெளியான வட்டைக்குள் தண்டவாளம் நேராகப் போகும் இடத்தைப் பார்த்திருக்கிறார்கள். இங்கிருந்து ஒரு மைல் கட்டைக்கு மேல்.

"அப்ப கடவையடியில?" என்றேன்.

"இஞ்ச நிக்காது, தங்கச்சி. அங்க நிண்டு எடுத்தா வளைவுக்கு வரக்குள்ள வேகம் பிடிச்சிரும். ஹோர்ன் அடிப்பாங்க."

மச்சாள் பக்கத்தில்தான் நின்றார். "வட்டைக்குள்ளயா?" என்று முகத்தைச் சுளித்தார். மாரியில் அந்த வரம்பில் சேறு முழங்கால் வரை வரும். பிறகு, "சரி, பரவாயில்ல, எங்கயாவது நிண்டாச் சரி," என்றார். அலுவலர் அவருக்கு மேடையின் படத்தைக் காட்டினார். மச்சாள் அதைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தார்.

அலுவலர் குடையை விரிக்கும்போது நான் பின்னாலேயே போய்க் கேட்டேன். ஆட்கள் கொஞ்சமாக இருந்தால் கடவையடியிலேயே சின்னதாக ஒன்று போட முடியுமா என்று.

"ஓம், அப்படி ஒரு முறை இரிக்கி. ஒரு கதவுக்கு மட்டும் குட்டி மேடை. கொஞ்சம் பேர் ஏறுற இடங்களுக்குப் போடுவாங்க. உங்கட சனத்துக்கு அது காணாதே."

"உண்மையில கொஞ்சம் பேர்தான் எண்டா?"

அவர் என்னைப் பார்த்தார். "கொஞ்சம் எண்டா இடத்தையே வெட்டிவிடவும் கூடும். இவ்வளவு பேருக்காக நிப்பாட்டணுமா எண்டு மேல கேப்பாங்க. ரெண்டு மாதிரியும் நடந்திரிக்கி." பிறகு சிரித்தார். "ஏன் தங்கச்சி, பயப்படுறீங்க? நான் என்ர கண்ணால பாத்தனே."

அவர் ஒழுங்கை முனையில் திரும்பும் வரைக்கும் இப்போது கூப்பிட்டுச் சொல்லலாம், இப்போது கூப்பிட்டுச் சொல்லலாம் என்று நினைத்துக்கொண்டு நின்றேன்.

அடுத்த திங்கள் முதல் ரயில் பஸ் எவ்வளவு நேரம் எடுக்கும் என்று பார்க்க ஓடும், எங்கும் நிற்காது என்று கடைச் சுவரில் அறிவித்தல் ஒட்டியிருந்தார்கள். அதை நான் வாசித்தேன். மகளுக்கும் சொன்னேன். ஒரு தடவை இல்லை, பல தடவை. ஞாயிற்றுக்கிழமை முழுக்கச் சொன்னேன். "இனி நிக்காது மகள், ஹோர்ன் கேட்டா நிண்டிரணும்." "ஓம் அம்மா," என்றாள். திருப்பிச் சொல்லச் சொன்னேன். சொன்னாள்.

திங்கட்கிழமை காலை தூறல். ஒரு கையில் குடை, மறு கையில் அவளுடைய கை. அவளுடைய புத்தகப் பையும் என் தோளில். கடவைக்கு முன்னால் சில பிள்ளைகள் நின்றார்கள். ஹோர்ன் கேட்டது. தூரத்தில்தான் கேட்டது. நான் நின்றேன். பை தோளிலிருந்து வழுக்கியது. அதை இழுத்துப் போட அவள் கையை விட்டேன்.

அவள் நடந்தாள். ஓடவில்லை. யாரும் துரத்தாத பிள்ளை நடப்பது போல, அந்த ஐந்து நாளும் நடந்தது போல, தண்டவாளத்தை நோக்கி நடந்தாள். நான் பெயரைச் சொல்லிக் கத்தினேன். அவள் திரும்பி என்னைப் பார்த்து, பெரியவர்களுக்கு விளங்காத ஒன்றை விளங்கப்படுத்துவது போலச் சொன்னாள்.

"அது நிக்கும் அம்மா."

சல்லிக்கல்லில் கால் வைத்துவிட்டாள். எப்படிப் போனேன் என்று தெரியாது. சட்டையின் பின்புறம் கையில் அகப்பட்டது. இழுத்தேன். இருவரும் சேற்றில் விழுந்தோம். ரயில் போனது. அதன் காற்று குடையைப் புரட்டிக்கொண்டு போய் வேலியில் போட்டது. மற்றப் பிள்ளைகள் அசையாமல் நின்றார்கள். அவர்களில் இன்னொரு சின்னப் பிள்ளையும் ஒரு காலை முன்னால் வைத்திருந்ததை அப்போதுதான் கண்டேன். அந்தப் பிள்ளையோடு யாரும் வந்திருக்கவில்லை.

நான் விழுந்த இடத்துக்கும் தண்டவாளத்துக்கும் எவ்வளவு தூரம் என்று பிறகு பல தடவை போய்ப் பார்த்திருக்கிறேன். சில நாட்களில் நல்ல தூரம் இருப்பது போலத் தெரிகிறது. நான்தான் பெரிதுபடுத்துகிறேனோ என்று தோன்றும். சில நாட்களில் அந்த இடத்தில் நிற்கவே முடிவதில்லை. மகளுக்குச் சட்டை சேறானதுதான் கவலை. அன்றைக்குப் பள்ளிக்கூடம் போக முடியவில்லை என்று அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை. சட்டையைத் துவைத்துக் காயப்போட்டுவிட்டு, அது காயும்வரை அதன் கீழேயே உட்கார்ந்திருந்தேன்.

கணவர் ஏறாவூரில் நெல் ஆலையில் வேலை செய்கிறார். விடியும் முன் சைக்கிளில் போய்விடுவார். வந்ததும் நடந்ததைச் சொன்னேன். மகளின் தலையைத் தடவிக்கொண்டிருந்தார்.

"இஞ்சேருங்க, நான் அந்த அலுவலர் சேரிட்ட உள்ளதச் சொல்லப் போறன்," என்றேன்.

"என்னத்த?"

"அது முறை வெச்சு ஏத்தின கூட்டம் எண்டு. உண்மையாப் போறவங்க கொஞ்சம் பேர்தான் எண்டு. குட்டி மேடை போதும் எண்டு."

"அக்காட்டச் சொன்னியா?"

"இல்ல."

"முதல்ல அவட்டக் கேளு. நீயும் பிள்ளையும் கையப் பிடிச்சுக்கொண்டு கவனமாப் போனா ஒண்டும் நடக்காது. கோச்சி இல்லாமப் போனா அவட சீவியம் என்ன?" பிறகு, "எனக்கும் தெரியல்ல கா," என்றார். அவர் அப்படிச் சொல்வது அபூர்வம். அது எனக்கு ஆறுதலாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

மச்சாளிடம் போனபோது அவர் வாவிக்கரையில் இறாலைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தார். பெரியது ஒரு பக்கம், சின்னது ஒரு பக்கம். கடவையில் நடந்தது அவருக்கு ஏற்கெனவே தெரியும். என்னைக் கண்டதும் கையைக் கழுவிவிட்டு எழுந்து வந்து என் தோளைப் பிடித்தார். நான் சொல்ல வந்ததைச் சொன்னேன். பிடித்த கையை எடுத்துவிட்டுத் திரும்பப் போய் உட்கார்ந்தார்.

"வெட்டிருவாங்க எண்டு அந்த ஆள் சொன்னாராமே."

"வெட்டவும் கூடும் எண்டுதான் சொன்னார் மச்சாள். குட்டி மேடை வரவும் கூடும்."

"படிச்ச ஆக்களுக்குக் கூடும், கூடாது. எனக்குக் கூடைதான்." ஒரு இறாலைத் தூக்கிப் பார்த்துவிட்டுச் சின்னப் பக்கம் போட்டார். "சொல்லு. போய்ச் சொல்லித்து வா. மறுகா என்ர கூடைய நீ தூக்கிக்கொண்டு பஸ்ஸில ஏறு. கொண்டக்டர் மூக்கப் பொத்துவான். நீ அவனுக்கு இங்கிலீசில விளங்கப்படுத்து."

நான் நின்றுகொண்டேயிருந்தேன். கொஞ்ச நேரத்தில் அவருடைய குரல் இறங்கியது.

"மருமகள, உன்ர பிள்ளைய, நான் கடவை கடத்தி விடுறன். ஒவ்வொரு நாளும். மத்தப் பிள்ளையளையும் சேத்து. அது போதாதா?"

"நீங்க அந்த நேரம் கோச்சிக்குள்ள இரிப்பியள், மச்சாள்."

அவருடைய கை இறாலுக்கு மேல் அப்படியே நின்றது. என்னைப் பார்க்கவில்லை. நான் அதை அவரைக் குத்துவதற்காகச் சொல்லவில்லை. நினைக்காமல் வாயில் வந்துவிட்டது. வீட்டுக்கு வந்த பிறகுதான், அந்த வாரத்தில் முதல் தடவையாக எனக்கு அழுகை வந்தது.

வண்ணக்கர் அடுத்த நாள் கோயில் வாசலில் என்னைப் பிடித்துக்கொண்டார். ஊரில் ஒரு பேச்சு வாவியைச் சுற்றிவர எவ்வளவு நேரம் எடுக்கும்?

"என்ன புள்ள, கேள்விப்பட்டன். ஐஞ்சு குடியும் சேந்து வெத்திலை வெச்சுக் கூப்பிட்டிரிக்கம். இப்ப போய் அது சும்மாக் கூப்பிட்டது எண்டு சொல்றதா?"

"சும்மாக் கூப்பிடல்ல ஐயா. கடவையடிக்குத்தான் கூப்பிட்டம். அங்க வரல்லையே."

"கதைக்கப் படிச்சிரிக்காய்," என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். அது கோபமா, வேறேதாவதா என்று எனக்கு விளங்கவில்லை. அன்று மாலை அவருடைய குடியைச் சேர்ந்த பொடியன்கள் சிலர் வளைவின் பற்றையில் ஒரு பகுதியை வெட்டியிருந்தார்கள். அவர் சொல்லித்தானா என்று யாரிடமும் கேட்கவில்லை. இப்போது ரயில் முன்பைவிடக் கொஞ்சம் முன்னாலேயே கண்ணுக்குத் தெரிகிறது. கொஞ்சம்தான். மாரி முடிவதற்குள் பற்றை திரும்ப வளர்ந்துவிடும்.

இப்போது காலையில் நானும் இன்னும் இரண்டு தாய்மாரும் கடவையில் கையை விரித்து மறித்துக்கொண்டு நிற்கிறோம். ரயில் பஸ் போகும்வரை பிள்ளைகளை விடுவதில்லை. எவ்வளவு நாளைக்கு நிற்க முடியும்? ஒருத்திக்குக் கைக்குழந்தை. மற்றவளுக்கு ரவுணில் கடை வேலை கிடைக்கப்போகிறது. கிடைத்தால் அவளும் அந்த ரயிலில்தான் போவாள். எனக்கும் ஒரு நாள் அரச வேலை நியமனம் வரலாம். வந்தால் எங்கே போடுவார்கள் என்று தெரியாது. இறாலுக்கு மேல் அப்படியே நின்ற மச்சாளின் கை நினைவுக்கு வரும்போதெல்லாம், நானும் நாளைக்கு அந்த ஜன்னலோரத்தில் இருந்துகொண்டு இந்தக் கடவையைத் தாண்டிப் போக மாட்டேனா என்ற எண்ணமும் வருகிறது.

அடுத்த வாரம் பிரதேச செயலகத்தில் கடைசிக் கூட்டம். தரிப்பிடத்தின் இடத்தை அங்கேதான் முடிவாக்குவார்கள். சங்கத்தின் சார்பில் பேசச் சொல்லி அலுவலர் என்னைத்தான் கேட்டிருக்கிறார். மச்சாளும் வருவார். அவரிடமிருந்து அதற்குப் பிறகு அதிகம் பேச்சில்லை. ஆனால் நேற்று மகளிடம் ஒரு கிண்ணத்தில் இறால் பொரித்துக் கொடுத்தனுப்பியிருந்தார். பெரிய இறால்.

வெறும் எண்ணிக்கையை மட்டும் சொன்னால் இடத்தையே வெட்டிவிடுவார்கள் என்று பயமாக இருக்கிறது. பேசாமல் இருந்துவிட்டு ஏதாவது நடந்தால், அந்த இன்னொரு சின்னப் பிள்ளையின் தாயை நான் எப்படிப் பார்ப்பேன்? கொஞ்சம் பேர்தான் போகிறோம், ஆனால் எங்களுக்கு அது எங்கள் கடவையில் நிற்க வேண்டும் என்று அதிகாரிகள் நிறைந்த மேசைக்கு முன்னால் சொல்வதற்கு ஏதோ ஒரு முறை இருக்க வேண்டும். அந்த முறை எனக்குத் தெரியவில்லை.

இதை வாசிக்கிறவர்களில் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் பிள்ளை வளர்த்தவர்கள் இருப்பீர்கள். உங்கள் ஊருக்கும் ஒரு குட்டி மேடை கிடைத்திருக்கலாம், கிடைக்காமலும் போயிருக்கலாம். இப்படியான திட்டக் கூட்டங்களில் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர்களும் இருக்கலாம். நீங்கள் என்ன சொன்னீர்கள், எதைச் சொன்னபோது அவர்கள் கேட்டார்கள்? உள்ளதைச் சொல்லியும் ரயிலை இழக்காமல் இருந்த ஊர் ஒன்றாவது உங்களுக்குத் தெரியுமா? கூட்டத்துக்கு முன் எனக்குச் சொல்லுங்கள். நான் பேச எழுந்திருக்கும்போது மச்சாள் என் பக்கத்துக் கதிரையில் இருப்பார். அவரிடம் முதல்நாளே போய், நான் இதைத்தான் சொல்லப்போகிறேன் என்று சொல்லிவிடுவது நல்லதா, அதையும் சொல்லுங்கள்.